ஈயப் பெட்டிக்குள் அடைத்த கோபம்

"யாரோ ஏதோ செஞ்சு வெச்சிருக்காங்க."

ஜார்ஜ்டவுன் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு காதில் விழாதவர்கள் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையில் திடீரென்று வியாபாரம் படுத்துவிடும். நிச்சயமான கல்யாணம் நின்றுபோகும். படித்து முடித்த பையன் அறையை விட்டு வெளியே வர மறுப்பான். காரணம் தேடி அலுத்த பிறகு, வீட்டு மூத்தவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார். அடுத்து, யாரிடம் போய்ப் பார்ப்பது என்ற ஆலோசனை தொடங்கும். பினாங்கில் அதற்கு இடமா இல்லை? நம்மவர் சாமியாடி, மலாய்க்கார பொமோ, சயாமியப் பிக்கு, சீனக் கோயிலில் சாமி இறங்குபவர் என்று எல்லா வாசலும் திறந்திருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் நாம் இனமும் மதமும் பார்ப்பதில்லை.

போன இடத்தில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பொம்மை செய்து ஊசி குத்தியிருக்கிறார்கள், தகட்டில் பெயர் எழுதி வாசலில் புதைத்திருக்கிறார்கள் என்பார்கள். பில்லி, சூனியம், ஏவல், செய்வினை என்று இதற்கு நம்மிடம் பெயர்கள் பல. ஆனால், இது நம் ஊர்ச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்தால் அது தவறு. உலகம் முழுக்க, 2,400 ஆண்டுகளாக, மனிதர்கள் இதே பொம்மையைச் செய்து, இதே தகட்டில் பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழைய பொம்மைகளில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள், யார் எதற்காகச் செய்வினை வைத்தார்கள் என்பதைச் சொல்கிறார்கள். நம் வீட்டுக்கும் பயன்படும் செய்தி அதில் இருக்கிறது.

டப்பாவுக்குள் டப்பா

1999ஆம் ஆண்டு. இத்தாலியின் ரோம் நகரில், பியாட்சா யூக்ளிடே சதுக்கத்தின் அருகே, தரைக்கடியில் கார் நிறுத்துமிடம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் ஒரு பழைய நீரூற்று தென்பட்டது. அன்னா பெரென்னா என்ற தேவதைக்கு உரிய ஊற்று அது. புத்தாண்டுத் தேவதையான அவளுக்கு ரோமானியர்கள் மார்ச் மாதத்தில் விழா எடுப்பார்கள். நாணயங்கள், எண்ணெய் விளக்குகள் என்று காணிக்கைகள் ஏராளமாகக் கிடைத்தன.

ஊற்றின் பின்னால் இருந்த நீர்த்தொட்டியில் வேறு பொருள்களும் கிடந்தன. சுருட்டிய ஈயத் தகடுகள், மூடி போட்ட ஈய டப்பாக்கள். சில டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றடுக்கில் இருந்தன. கடைசி டப்பாவைத் திறந்தால், மெழுகு, மாவு போன்றவற்றால் பிடித்த சின்ன மனித உருவம் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது. ஓர் உருவத்தைப் பாம்பு ஒன்று சுற்றியிருந்தது. இவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மெழுகும் மாவும் மண்ணில் நிற்காத பொருள்கள். ஈயத்துக்குள் அடைபட்டிருந்ததால்தான் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி நம் கண்ணில் பட்டன. இன்று அவை ரோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அங்கே கிடைத்த தகடுகளில் ஒன்று சூரா என்ற நீதி நடுவரைக் குறிவைக்கிறது. அவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் போக வேண்டும் என்பது வேண்டுதல். இத்தகைய தகடுகள் பலவற்றில், ஆளை அடையாளம் காட்ட, தகப்பன் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அப்பா யார் என்பதில் சந்தேகம் வரலாம், பெற்றவள் யார் என்பதில் வராது என்ற கணக்கு. ஆள் மாறிப் போய்விடக் கூடாதே!

ஏன் ஈயம்?

பினாங்குக்காரர்களுக்கு ஈயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளீயம். பேராக்கின் ஈயலம்பங்களில் எடுத்த மண் இங்கே டத்தோ கெராமாட் சாலையில் உருக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. சாப வேலைக்கு ஆன ஈயம் அதுவல்ல. அது காரீயம். மலாயில் தீமா ஹித்தாம், அதாவது கறுப்பு ஈயம். இரண்டு மொழியும் அதன் நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கின்றன.

கிரேக்கர்களும் ரோமானியர்களும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் மிகச் சாதாரணமானது: அது மலிவு. ஏதென்ஸ் அருகே லாரியான் சுரங்கங்களில் வெள்ளி எடுக்கும்போது காரீயம் கூடவே வந்தது. மென்மையான உலோகம் என்பதால் ஆணியால் கீறி எழுதலாம், காகிதம்போல் மடிக்கலாம், சுருட்டி ஆணியால் துளைக்கலாம். பிறகுதான் மந்திரக் காரணம் வந்து சேர்ந்தது. ஈயம் குளிர்ந்தது, கனமானது, மங்கியது. இந்த ஈயம் எப்படிக் குளிர்ந்து உதவாமல் கிடக்கிறதோ, அப்படியே அவனும் கிடக்கட்டும் என்ற பொருளில் எழுதிய கிரேக்கத் தகடுகள் உண்டு.

காரீயத்துக்கு உண்மையான கேடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த நஞ்சு வேலை செய்ய மந்திரம் தேவையில்லை.

யார் வைத்தார்கள்? எதற்காக?

ஏதென்ஸ் நகரின் கெராமைக்கோஸ் என்ற பழைய இடுகாட்டில், கி.மு. 400ஐ ஒட்டிய காலத்துக் கல்லறை ஒன்றில், சவப்பெட்டி போன்ற சிறிய ஈயப் பெட்டி கிடைத்தது. உள்ளே விரல் நீளத்தில் ஓர் ஈய மனிதன். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. காலில் ம்னேசிமாக்கோஸ் என்று பெயர். பெட்டியின் மூடியில் இன்னும் பல பெயர்கள். கடைசியில், இவர்களுக்காக வழக்காடுபவர், சாட்சி சொல்பவர் எவராக இருந்தாலும் அவரையும் சேர்த்துக்கொள் என்ற பொருளில் ஒரு வரி. புரிந்திருக்குமே! இது கோர்ட்டு கேஸ். எதிர்க்கட்சிக்காரன் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக அவனை ஈயத்தில் செய்து கட்டிப்போட்டிருக்கிறார் யாரோ ஒருவர்.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் அடியில் ரோமானியர் காலத்துச் சாபத் தகடுகள் சுமார் 130 கிடைத்தன. சூலிஸ் மினெர்வா என்ற தேவிக்கு எழுதியவை. பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள். குளிக்கப் போன இடத்தில் மேலங்கி போய்விட்டது, காசு போய்விட்டது என்ற முறையீடுகள். டோசிமெடிஸ் என்பவர் தொலைத்தது இரண்டே இரண்டு கையுறைகள். அதற்கு, எடுத்தவனுக்குப் புத்தியும் பேதலித்துக் கண்ணும் போக வேண்டும் என்கிறார். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் மாற்றுத் துணி வாங்க வழியில்லாத ஏழைக்கு, குளிர் நாட்டில் அது சின்ன நஷ்டமா?

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு களிமண் பெண்ணுருவம் இருக்கிறது. உடம்பில் 13 ஊசிகள். ஒரு மண்கலயத்துக்குள் ஈயத் தகட்டோடு வைத்திருந்தார்கள். பார்த்தவுடன் கொலைவெறி என்றுதான் தோன்றும். தகட்டைப் படித்தால் கதை வேறு. சரபம்மோன் என்ற ஆண், தாலமாயிஸ் என்ற பெண் தன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்கக் கூடாது என்று வேண்டுகிறான். நம் பேச்சில் சொன்னால் வசியம். அவள் விருப்பம் என்ன என்று அவன் கேட்டதாகத் தகட்டில் இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கில் தோற்றுவிடுவோமோ என்று பயந்தவர், திருடனைப் பிடிக்க வழியில்லாதவர், காதல் கைகூடாதவர். நேர்வழியில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை போனவர்கள், கையில் இருந்த கோபத்தை ஈயத்தில் எழுதித் தெய்வத்திடம் மனு போட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஆய்வும் இதையே காட்டுகிறது. இலங்கையின் மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, சூனியம் வைக்கவும் சாபம் போடவும் மக்கள் தேடிப்போகும் கோயில்களில் அவர்களை விசாரித்து, 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலாபம் அருகே உள்ள முன்னேஸ்வரம் காளி கோயிலும் அப்படி மக்கள் தேடிவரும் இடங்களில் ஒன்று. திருட்டு, அடிதடி, ஏமாற்று என்று பாதிக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்டு அங்கே வருகிறார்கள். கத்தியை எடுக்க வேண்டிய ஆத்திரம் சாபமாக மாறி வெளியேறுகிறது என்பது அவர் விளக்கம்.

மலாயாவின் மெழுகு பொம்மை

நம் மண்ணிலும் இதற்கு எழுத்துச் சான்று உண்டு. மலாய் மாநிலங்களில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், 1900இல் 'மலாய் மேஜிக்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். தேனீக்கள் விட்டுப்போன கூட்டின் மெழுகில் பொம்மை செய்யும் முறை அதில் வருகிறது. குறிவைத்த ஆளின் நகம், முடி, எச்சில் போன்றவற்றை அதில் சேர்க்க வேண்டும். ஏழு இரவு விளக்கில் வாட்ட வேண்டும். இன்னொரு முறையில், பொம்மையின் கண்ணில் குத்தினால் குருடு, தலையில் குத்தினால் தலைவலி. முழுதாகக் குத்திய பிறகு பிணத்துக்குச் செய்வதுபோல் துணி சுற்றி, தொழுகை நடத்தி, அந்த ஆள் கட்டாயம் தாண்டிப் போகும் பாதையில் புதைக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. புதைக்கும்போது, உன்னைப் புதைப்பது நான் இல்லை, வானவர் ஜிப்ரில்தான் என்று சொல்லிவிட வேண்டும். அதாவது பழி தன் தலையில் விழக் கூடாது. கெடுதல் நடக்கவும் வேண்டும், பாவம் சேரவும் கூடாது. பொம்மை செய்கிற கைக்கும் பயம் இருக்கிறது!

சுவருக்குள் தகடு

வைத்தவரைப் பற்றிப் பார்த்தோம். வைக்கப்பட்டது என்று நம்புகிற வீட்டில் என்ன நடக்கிறது? அதற்கும் ரோமில் ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது.

கி.பி. 19. ரோமப் பேரரசர் திபேரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிகஸ், சிரியாவின் அந்தியோக்கியா நகரில் நோயில் விழுந்தார். வீட்டுத் தரையையும் சுவரையும் பெயர்த்துப் பார்த்தார்கள். மனித எலும்புகள், மந்திர எழுத்துகள், ஜெர்மானிகஸ் பெயர் பொறித்த ஈயத் தகடுகள் எல்லாம் கிடைத்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஜெர்மானிகஸ் 33 வயதில் இறந்துபோனார். ஆளுநர் பீசோவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ஆகவே சந்தேகம் பீசோ மேல் விழுந்தது. ரோமில் விசாரணை நடந்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே கழுத்தறுபட்ட நிலையில் பீசோ பிணமாகக் கிடந்தார். நஞ்சு வைத்தார் என்ற குற்றச்சாட்டை மட்டும் அவர் தரப்பு முறியடித்துவிட்டதாகவே டாசிட்டஸ் சொல்கிறார்.

நோய் வந்தது. தகடு கிடைத்தது. ஏற்கெனவே பிடிக்காதவர் பெயர் முன்னால் வந்து நின்றது. நம் வீடுகளில் நடப்பதும் இதே வரிசைதான். 'உங்களுக்கு நெருங்கின ஆளு, பொம்பளை, கறுத்த நிறம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டவங்க' என்று மந்திரவாதி சொன்னால் போதும். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்வோம். சித்தியா, ஓரகத்தியா, மருமகளா? நெருங்கிய சொந்தத்தில் இந்த வருணனைக்குப் பொருந்தாதவர் யார்? அன்றிலிருந்து அந்தப் பெண் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க மாட்டோம். அவர் பிள்ளையின் கல்யாணத்துக்குப் போக மாட்டோம். காரணத்தை அவரிடம் சொல்லவும் மாட்டோம். அவரோ, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே காலம் முழுக்க வெளியே நிற்பார். தகட்டில் சக்தி இருந்ததோ இல்லையோ, குடும்பம் உடைந்தது நிஜம்.

பொம்மையைக் குத்தினார், ஆள் சிரித்தார்

அப்படியானால் அந்தப் பொம்மைக்குச் சக்தியே கிடையாதா? 2008 மார்ச் 3ஆம் தேதி, இந்தியா டிவி சேனலில் இதை நேரலையாகவே பார்த்தார்கள். மந்திரத்தால் யாரையும் கொல்ல முடியும் என்றார் ஒரு தாந்திரிகர். முடிந்தால் என்னைக் கொல்லுங்கள் என்றார் கேரளத்தைச் சேர்ந்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு. மணிக்கணக்கில் மந்திரம் நடந்தது. இரவில் ஹோமம் வளர்த்து, கோதுமை மாவு உருண்டையைச் சனலைத் தொடச் சொல்லி, அதைக் குத்தி, கத்தியால் வெட்டித் தீயில் போட்டார் தாந்திரிகர். சனல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நீங்கள் கும்பிடும் ஏதோ பெரிய தெய்வம் உங்களைக் காப்பாற்றுகிறது என்றார் தாந்திரிகர். எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லையே என்றார் சனல்.

சனலுக்குப் பயமில்லை. பயப்படுகிறவரின் உடம்பு வேறு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1942இல் இதைப் பற்றி எழுதினார். தனக்குச் சாபம் வைத்துவிட்டார்கள் என்று முழுதாக நம்புகிற மனிதருக்கு, ஊரும் அதையே நம்பும்போது, அந்தப் பயமே உடலை வீழ்த்தலாம் என்பது அவர் கருத்து. தூக்கம் போய், சோறு இறங்காமல், நெஞ்சு படபடத்து ஒருவர் மெலிந்தால், அதற்குப் பொம்மை தேவையில்லை. பொம்மை இருக்கிறது என்ற சொல்லே போதும்.

அந்தச் சொல்லைப் பணமாக்குவதற்கும் வழிகள் இருக்கின்றன. எலுமிச்சையை வெட்டினால் இரத்தம் வருகிறதா? செம்பருத்திச் சாறு தடவிக் காயவைத்த கத்தியில் புளிப்பு பட்டால் சிவக்கும். குங்குமமே இல்லாமல் தண்ணீர் சிவக்கிறதா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் தினமும் நடப்பதுதான். தோண்டிய இடத்தில் தகடு வருகிறதா? தோண்டுகிறவரின் கைக்குள் அது முதலிலேயே இருந்திருக்கலாம்.

விலை என்ன?

ஆயிரக்கணக்கான வெள்ளி போவதை விடவும் பெரிய விலை உண்டு. மலேசியர்கள் மோனா ஃபாண்டியை மறந்திருக்க முடியாது. முன்னாள் பாடகியான அவர் பொமோவாக மாறியவர். சக்தி வேண்டி அவரை நம்பிப் போன பகாங் பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ், 1993இல் கொலை செய்யப்பட்டார். மோனா, அவர் கணவர், உதவியாளர் ஆகிய மூவரும் 2001 நவம்பர் 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர்.

அதே 2001இல், ஆகஸ்ட் 6ஆம் தேதி, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் நடந்தது அதைவிடக் கொடுமை. பேய் பிடித்தது, செய்வினை என்று நம்பிய குடும்பங்கள் மனநோயாளிகளை அங்கே தர்கா அருகே அழைத்து வருவது வழக்கம். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் யாரையும் பெற்றவர்கள் வெறுத்து விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டியதில்லை. குணமாக்கத்தான் கொண்டுவந்து விட்டார்கள். நோயின் பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விலை அது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

வீட்டில் இந்தப் பேச்சு வந்தால்

பூசணிக்காய் உடைப்பதும், கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதும், பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதும் வேறு. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பாட்டி சுற்றிப் போட்டால் பிள்ளை கொஞ்சம் சமாதானமாகத் தூங்கும், அவ்வளவுதான். கோயிலுக்குப் போய் மனக்குறையை அம்மனிடம் சொல்லிவிட்டு வருவதும் நல்லதுதான். எல்லை எங்கே என்று தெரிந்தால் போதும்.

ஒன்று, உடம்போ மனதோ சரியில்லை என்றால் டாக்டர்தான் முதல் வாசல். காதில் குரல் கேட்கிறது என்பவரும், வாரக்கணக்கில் தூங்காதவரும், அறையை விட்டு வராத பிள்ளையும் மருத்துவம் பார்க்க வேண்டியவர்கள். பினாங்கு பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 உண்டு.

இரண்டு, யார் செய்தது என்று பெயரோ அடையாளமோ சொல்பவரிடம் அதற்கு மேல் உட்காராதீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இருபது வருடத்து உறவைத் திரும்ப வாங்க முடியாது.

மூன்று, தகடு எடுக்க இவ்வளவு, பரிகாரத்துக்கு இவ்வளவு என்று தொகை ஏறிக்கொண்டே போனால் அது பக்தி இல்லை, மோசடி. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. வெட்கப்படாமல் போலீசில் புகார் கொடுக்கலாம்.

நான்கு, கோபம் உங்களுடையதாக இருந்தாலும் இதே கணக்குதான். கடன் வாங்கியவன் ஏமாற்றினால் வழக்கறிஞரைப் பாருங்கள். சொத்தில் பங்கு மறுத்தால் பெரியவர்களை வைத்து நேரில் கேளுங்கள். ஏதென்ஸ்காரர் எதிரியின் கையைக் கட்டி ஈயப் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டிக்குள் இன்றுவரை இருப்பது அவருடைய கோபம்தான். எதிரி என்ன ஆனான் என்று பெட்டி சொல்லவில்லை.

சண்டை போட்ட சொந்தக்காரருக்கு ஒரு போன் போட ஈயமும் வேண்டாம், மெழுகும் வேண்டாம்.